சிகரத்தின் மௌனம்

அத்தியாயம் பதினான்கு

இசை நாடக விழாவின் ஒன்பதாம் நாள். காலை பதினோரு மணிக்குச் சிறிய அரங்கில் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் ஏசிக்காக வந்தவர்கள். நாலைந்து பேர் கேன்டீன் திறக்கும்வரை எங்கேயாவது உட்கார வேண்டுமே என்று வந்தவர்கள். ஒருவர் தூங்குவதற்கென்றே வந்து, வந்த வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் பாப்பா பாடிக்கொண்டிருந்தாள்.

பாப்பாவுக்கு நாற்பத்து நாலு வயது. வீட்டில் கடைசியாகப் பிறந்த குற்றத்துக்காக இன்னும் அந்தப் பெயர். இருபத்தெட்டு வருஷமாகப் பாடுகிறாள். சங்கீதம் தெரிந்தவர்கள் 'அடடா' என்பார்கள். சங்கீத விழா நடத்துகிறவர்கள் 'பார்க்கலாம்' என்பார்கள். பார்த்துப் பார்த்து, இந்த வருஷம்தான் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவன் வர முடியாத, வீட்டில் இருக்கிறவன் கிளம்பியிருக்காத நேரமாகப் பார்த்து.

நாலாவது வரிசையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். பாப்பாவின் அண்ணனுக்கு மனைவி. அண்ணன் யாரென்று இத்தனை வாரமாகப் படித்து வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்கள் விழா வாசலில் நிற்கும் பன்னிரண்டு அடி உயரக் கட்-அவுட்டைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு காலத்தில் நல்ல நடிகர்தான். அதில் சந்தேகம் வேண்டாம். பிறகு ஏதோ ஒரு சங்கம் 'நடிப்புச் சிகரம்' என்று பட்டம் கொடுத்துவிட்டது. அன்றோடு நடிப்பதை விட்டுவிட்டுச் சிகரமாக இருக்க ஆரம்பித்தார். வெளியில் மரியாதையாகச் சிகரம் என்றார்கள். வீட்டில் அதையே வேறு குரலில் சொன்னார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

அந்தச் சிகரத்துக்கு இரண்டு வருஷமாக வசனம் நினைவில் நிற்பதில்லை. காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு கருவி. மேடையோரத்துத் திரைக்குப் பின்னால் அண்ணி, கையில் மைக், மடியில் வசன ஃபைல். அவள் அரை வாக்கியம் முன்னால் முணுமுணுக்க, அவர் பின்னாலேயே முழங்குவார். புருஷன் பெண்டாட்டிக்குள் இருந்த ரகசியம். போன வாரம் பாப்பா கத்தரிக்கோல் தேடி மேஜை டிராயரைத் திறந்தபோது அது மூன்று பேருக்குத் தெரிந்ததாகிவிட்டது.

"அண்ணனுக்குக் காது கேக்கலையா அண்ணி?" என்று கேட்டாள் பாப்பா, கருவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு.

"அது நல்லா கேக்குது பாப்பா. மத்ததுதான் போச்சு" என்றாள் அண்ணி.

இனி இன்றைய கதைக்கு வருவோம்.

பதினொன்றே காலுக்குப் பாப்பா மெயின் ராகத்தை எடுத்தாள். கீழே இருந்து மெல்ல, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியிலும் நின்று பார்த்து ஏறிக்கொண்டிருந்தாள். வயலின்காரர் கண்ணை மூடிக்கொண்டு விட்டார். ஏசிக்கு வந்தவர்களில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணிக்குக் கையில் மயிர் சிலிர்த்தது.

கதவு திறந்தது. சிகரம் வந்தார்.

வந்தார் என்று சொன்னால் போதாது. வெள்ளைச் சால்வை வந்தது, வாசனை வந்தது, பின்னால் விழாத் தலைவரும் இரண்டு பக்தர்களும் வந்தார்கள். முன்வரிசைக்கு நடந்து போகும் வழியில் நாலு பேர் எழுந்து கும்பிட்டார்கள். அவர்களில் ஒருவர் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர். சிகரம் அவர் தோளைத் தட்டி, "உக்காருங்க, உக்காருங்க, பாட்டைக் கேளுங்க" என்றார். மைக் வைத்துச் சொன்னது போல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

உட்கார்ந்தார். தலையை இரண்டு தரம் ஆட்டினார், தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல். பக்கத்தில் இருந்தவர் செல்போனை நீட்ட, மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஒரு படம் எடுத்துக்கொண்டார். படத்தில் பின்னணியாகப் பாப்பா, வாயைத் திறந்தபடி.

எட்டு நிமிஷம். அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்வாள். பிறகு எழுந்தார். ராகம் உச்சிக்குப் போகிற நேரம். மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். அவரோடு பதினாறு பேர் எழுந்து போனார்கள். வெளியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டாமா?

பாப்பா நிறுத்தவில்லை. குரல் ஒரே ஒரு இடத்தில் தடுக்கியது. அது அண்ணிக்கும் வயலின்காரருக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். பிறகு ஏழு பேருக்காக முக்கால் மணி நேரம் பாடினாள்.

முடிந்ததும் விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் மேடைக்கு வந்து பூங்கொத்து கொடுத்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

---

மதியம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது பாப்பா தட்டைத் தொடவில்லை.

"ஏன் அண்ணா எந்திரிச்சுப் போன?"

சிகரம் நிதானமாகத் தண்ணீர் குடித்தார். "கேட்டேனே."

"எட்டு நிமிஷம்."

"நல்ல பாட்டுன்னு தெரிஞ்சுக்க எனக்கு எட்டு நிமிஷம் போதும் பாப்பா. சாயந்திரம் ஷோ இருக்கு. நான் என்னை சேத்து வச்சுக்கணும்."

"நீ வந்திருக்கவே வேண்டாம். நீ வராம இருந்திருந்தா இருபத்து மூணு பேர் கேட்டிருப்பாங்க."

சிகரம் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எத்தனையோ நாடகத்தில் கைதட்டல் விழுந்திருக்கிறது. "அந்த இருபத்து மூணு பேரை உக்கார வச்சதே யாருன்னு நினைச்ச? மூணு தடவை போன் பண்ணினேன் தலைவருக்கு. 'என் தங்கச்சி, ஏதாவது ஒரு ஓரத்துல போடுங்க'ன்னு. ஓரத்துல போட்டாங்க. அதுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை வருதா பாரு."

பாப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியதை அண்ணி பார்த்தாள். விழாவிலிருந்து வந்த கடிதத்தைப் பாப்பா கண்ணாடிச் சட்டம் போடாத குறையாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது அண்ணிக்குத் தெரியும். 'தங்கள் தகுதியின் அடிப்படையில்' என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைப் பாப்பா அவளுக்கு மூன்று முறை படித்துக் காட்டியிருந்தாள்.

"அதை இன்னைக்குச் சொல்லணுமா?" என்றாள் அண்ணி.

"கேட்டா, சொன்னேன். அந்தப் பொரியலை இப்படித் தள்ளு."

பாப்பா எழுந்து கை கழுவப் போனாள். சாப்பிடாத கையைக் கழுவுவதற்கு நெடுநேரம் ஆயிற்று.

இரண்டு மணிக்கு இணையச் சேனலிலிருந்து ஒரு பெண் பேட்டிக்கு வந்தாள். வரவேற்பறையில் விளக்கு, மூன்று கால் ஸ்டாண்டு, கேமரா. விருதுகள் நிறைந்த அலமாரி பின்னால் தெரிகிறாற்போல் நாற்காலியைச் சிகரமே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னால் எது இருக்க வேண்டும் என்பதில் அவர் எப்போதும் கவனமாக இருப்பார்.

"சார், இந்த வயசுல ரெண்டு மணி நேர நாடகம். அவ்வளவு வசனத்தை எப்படி சார் ஞாபகம் வச்சுக்கறீங்க?"

அண்ணி காபித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள்.

"ஞாபகமா?" சிகரம் கண்ணை மூடித் திறந்தார். "ஞாபகம் வச்சுக்கறவன் நடிகன் இல்லம்மா. வசனம் எனக்கு மூச்சு மாதிரி. மூச்சு விட யாராவது ஞாபகம் வச்சுக்குவாங்களா? இன்னைக்கு வர்ற பசங்க மேடை ஓரத்துல ஆள் வச்சு எடுத்துக் குடுக்கச் சொல்றாங்க. வெக்கமா இருக்கு. அப்படி ஒரு நிலைமை வந்தா நான் மேடை ஏற மாட்டேன்."

காபித் தட்டு ஆடவில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

"மேடமும் நாடகத்துல உங்களுக்கு உதவியா இருப்பாங்களா சார்?"

சிகரம் மனைவியைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார். அதுதான் அதில் இருந்த கொடுமை. "இவளுக்கா? இவளுக்கு நாடகம்னா என்னன்னே தெரியாதும்மா. என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைப்பா. அதுவும் ஒரு தொண்டுதானே?"

சேனல் பெண் சிரித்தாள். அண்ணி தட்டை வைத்தாள். "சக்கரை போதுமான்னு பாருங்க" என்றாள்.

சமையலறையில் பாப்பா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"அண்ணி, நீங்க ஒண்ணுமே சொல்லலையே."

"என்ன சொல்றது? எனக்குத்தான் நாடகம்னா என்னன்னே தெரியாதாமே."

"டிராயர்ல ஃபைலையும் பாத்தேன். அந்தக் கடைசி சீன் வசனம் யாரு எழுதினது?"

அண்ணி அடுப்பைத் துடைத்தாள். சிகரம் எழுதிய நாடகம்தான். கடைசிப் பேச்சை மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தார். நீதி தேவதை வந்தாள், கடல் அலைகள் வந்தன, இமயமும் வந்தது. டைப் அடித்தவள் அண்ணி. அடிக்கும்போது இமயத்தை எடுத்தாள். கடலை எடுத்தாள். ஒவ்வொரு ஒத்திகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, தன் வரிகளை வைத்து, கடைசியில் பதினைந்து வரியில் நிறுத்தினாள். அவருக்குத் தெரியவே இல்லை. எழுதியதே நினைவில்லாதவருக்கு மாற்றியது எப்படித் தெரியும்? காதில் விழுந்ததைச் சொன்னார். கேட்டவர்கள் அழுதார்கள். 'எப்படி எழுதினேன் பாத்தியா' என்று அவளிடமே கேட்டார்.

"சாயந்திரம் நீயும் வா பாப்பா" என்றாள் அண்ணி. "கடைசி வரிசையில உக்காரு. பக்கத்துல ஒரு சீட்டு பிடிச்சு வை."

"யாருக்கு?"

"தெரியல. சும்மா பிடிச்சு வை."

---

நாலரை மணிக்குப் பெரிய அரங்கம் நிறைந்து வழிந்தது. காலையில் பாப்பாவின் பாட்டிலிருந்து எழுந்து போன பதினாறு பேரும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

நாடகம் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியைப் பற்றியது. முப்பது வருஷத்துக்கு முன் அவர் தண்டித்த ஒருவன் நிரபராதி என்று தெரிய வருகிறது. வக்கீலாக இருக்கும் அவருடைய மகளே அதைத் தோண்டி எடுக்கிறாள். கடைசிக் காட்சியில் அப்பாவை நேராக நிறுத்திக் கேட்கிறாள்: அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

மகளாக நடிப்பவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். கவுன்ட்டரை மூடிவிட்டு நேராக ஒத்திகைக்கு ஓடி வருவாள். தன் வசனத்தைப் பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துவிடுவாள். குழுவில் எல்லோரும் அவளை வங்கிக்காரி என்றே கூப்பிடுவார்கள்.

மேடையின் இடது ஓரத்தில், கறுப்புத் துணிக்குப் பின்னால், அண்ணியின் ஸ்டூல். ஃபைலைத் திறந்துதான் வைத்திருந்தாள். அதைப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு என்றோ போய்விட்டது. அவள் கவனம் முழுவதும் அவர் முதுகில்தான் இருக்கும். தோள் எப்போது ஏறுகிறது, மூச்சு எங்கே முடிகிறது, எந்த இடத்தில் கைதட்டலுக்காக நிறுத்துவார், எல்லாம் அந்த முதுகு சொல்லும். சீக்கிரம் சொன்னால் அவர் பேச்சோடு மோதும். தாமதமாகச் சொன்னால் அவர் கண் இடது பக்கம் அலைய ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி. அந்த நூலில்தான் இரண்டு வருஷமாகச் சிகரம் நின்றுகொண்டிருந்தது.

இடைவேளையில் மேக்கப் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் பல்லைக் கடித்தார். "ரெண்டு எடத்துல லேட்டு. தூங்கறியா?"

"ஒரு எடத்துலதான். நீங்க ஒரு வரிய விட்டுத் தாண்டிட்டீங்க, அதான்."

"நான் தாண்டினேனா? நான் அம்பது வருஷமா மேடையில நிக்கிறவன். நீ வெறும் குரல். அத மறந்துடாத. உன் எடத்துல ஒரு டேப்ரிகார்டர் வச்சாலும் வேலை நடக்கும்." கண்ணாடியைப் பார்த்து நரைத்த புருவத்தைச் சரிசெய்துகொண்டார். "அந்த வங்கிக்காரி இன்னைக்கு ரொம்ப அழறா. என் சீன்ல அவ எதுக்கு அழணும்? சொல்லி வை."

அண்ணி அவருடைய காலரை நிமிர்த்திவிட்டாள். கை தானாகவே அதைச் செய்தது.

கடைசிக் காட்சி வந்தது.

வங்கிக்காரி மேடையின் நடுவுக்கு வந்து நின்றாள். அவள் குரல் கொஞ்சம் அதிகமாகவே நடுங்கியது. நடிப்பா நிஜமா என்று சொல்ல முடியாத நடுக்கம். "அந்த ஆள் குற்றவாளி இல்லன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமாப்பா? தெரியும், தெரியாது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

சிகரம் மெல்ல நிமிர்ந்தார். தோள் ஏறியது. மூச்சு இழுத்தார். இதுதான் இடம்.

அண்ணியின் கட்டைவிரல் மைக்கின் பொத்தானை அணைத்தது.

அணைக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. பக்கத்துச் சீட்டைப் பிடித்து வைக்கச் சொன்னபோதுகூட இதை நினைக்கவில்லை. மைக்கை ஸ்டூலின் மேல் வைத்தாள். ஃபைலை மூடினாள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து, நடைபாதை வழியாகச் சுற்றிக்கொண்டு அரங்கத்தின் பின்கதவால் உள்ளே வந்து, பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

சிகரம் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி!" பாப்பா அவள் கையைப் பிடித்தாள். "நீங்க இங்க இருந்தா அங்க யாரு?"

"யாருமில்ல."

மேடையில் அவருடைய கண் இடது பக்கம் போனது. திரும்பி வந்தது. மறுபடி போனது. உதடு பிரிந்தது, சேர்ந்தது. வலது கை கோட்டுப் பையைத் தேடியது, கிடைக்காமல் தொங்கியது. வங்கிக்காரி ஓரடி முன்னால் வந்து, "சொல்லுங்கப்பா" என்றாள். நாடகத்தில் இல்லாத வரி. அவரைத் தூக்கிவிடத்தான் பார்த்தாள். அவர் அவளை யாரென்றே தெரியாததுபோல் பார்த்தார்.

இவ்வளவு பயத்தை அவர் முகத்தில் அண்ணி பார்த்ததில்லை. சிகரமும் இல்லை, நீதிபதியும் இல்லை. அறுபதைத் தாண்டிய கிழவர் ஒருவர், ஆயிரம் பேர் முன்னால், வாயில் ஒரு சொல் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அவள் எழுந்துவிட்டாள்.

"எங்க போறீங்க?"

"பாவம் பாப்பா. போய் எடுத்துக் குடுத்துடறேன்."

அதற்குள் அவர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், கன்னத்தில் ஓடுவதைத் துடைக்கக்கூடத் தெரியாமல். திரை இழுப்பவர் இதற்குமேல் தாங்காது என்று கயிற்றை விட்டார். திரை விழுந்தது.

இரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

பிறகு முன்வரிசையில் யாரோ "ஆஹா!" என்றார். அவ்வளவுதான். ஆயிரம் பேரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டல் கூரையைத் தூக்கியது. அண்ணிக்கு முந்தின வரிசையில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியிடம், "பதில் சொல்லலை பாத்தியா? அதான்டி பதில்!" என்றார். அவர் மனைவி, "ஏன் சொல்லல?" என்றாள். "உனக்கு அதெல்லாம் புரியாது" என்றார் அவர்.

விழாத் தலைவர் மேடையேறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு விம்மினார். "வசனம் பேசி நடிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. பேசாம நடிக்க ஒருத்தர்தான் இருக்கார். இந்த மௌனத்தைப் பார்க்காதவங்க பாவம் பண்ணினவங்க. அதனால நாளைக்குச் சாயந்திரம் இதே மேடையில இதே நாடகம் மறுபடியும் நடக்கும்!"

அண்ணி உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் இரக்கம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ இருந்தது. இவர்களுக்காகவா இமயத்தையும் கடலையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தோம்? இவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான். ஒன்றும் கொடுக்காவிட்டால் இன்னும் நல்லது.

பாப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். "நான் காலையில தப்பு பண்ணிட்டேன் அண்ணி. சும்மா உக்காந்துட்டு வந்திருக்கணும். அடுத்த வருஷம் சாயந்திரக் கச்சேரியே குடுத்திருப்பாங்க."

---

மேக்கப் அறைக்கு வெளியே நடைபாதை முழுக்கக் கூட்டம். சால்வைகள், பூங்கொத்துகள், செல்போன்கள். அண்ணியைக் கண்டதும் சிகரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்தார். விரல்கள் சில்லென்று இருந்தன.

"ஏன் நிறுத்தின?" காதோடு கேட்டார். "எங்க போன? நான் செத்தே போயிருப்பேன்."

உண்மையான குரல். பல வருஷத்துக்குப் பிறகு அவள் கேட்கும் உண்மையான குரல். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள்.

"சார்! சார்! ஒரே நிமிஷம்!" மதியம் வந்த சேனல் பெண் கேமராவோடு ஓடி வந்தாள். "அந்த மௌனம் சார்! எப்படி சார் தோணுச்சு?"

முழங்கையிலிருந்து கை விலகியது. தோள் நிமிர்ந்தது. முகம் தன் இடத்துக்கு வந்துவிட்டது. கண்ணெதிரில் ஒரு மனிதர் மறைந்து சிகரம் எழும்புவதை அண்ணி அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது தோணினது இல்லம்மா" என்றார். "ஆறு மாசத்து உழைப்பு. எழுதி வச்ச வசனத்தை ஒவ்வொரு வரியா எடுத்தேன். கடைசியில ஒண்ணுமே வேண்டாம்னு முடிவு பண்ணினேன். வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு இந்த மௌனத்தை எத்தனை நாள் ஒத்திகை பாத்திருக்கேன் தெரியுமா?"

"மேடம், நீங்க பாத்திருப்பீங்களே! சொல்லுங்க மேடம்!" கேமரா அண்ணியின் பக்கம் திரும்பியது.

விழாத் தலைவர், பக்தர்கள், சால்வைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிகரம் புன்னகைத்தார். கண் மட்டும் கெஞ்சியது.

"ஒத்திகை பாத்தது நான்தான்" என்றாள் அண்ணி.

பிறகு குரலை உயர்த்தாமல், மைக் முன்னால் சொல்கிற அதே நிதானத்தில், சொல்ல ஆரம்பித்தாள்.

"தெரியும். தீர்ப்பு எழுத உக்காந்த அன்னைக்குக் காலையிலயே தெரியும். பாதி எழுதும்போது பேனாவுல மை தீந்துபோச்சு. வேற பேனா எடுக்க எந்திரிச்சேன். பத்தடி தூரம். அந்தப் பத்தடியில நான் மனசை மாத்திக்கிட்டிருக்கலாம். யாரும் என்னை மிரட்டல. யாரும் எனக்கு எதுவும் குடுக்கல. பதவி உயர்வு வர வேண்டிய வருஷம், அவ்வளவுதான். பேனா கிடைச்சுது. எழுதினேன். கையெழுத்து அழகா வந்திருக்கான்னு பாத்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உனக்கு அப்ப அஞ்சு வயசு. மடியில ஏறி உக்காந்து, 'அப்பா, இன்னைக்கு என்ன பண்ணீங்க'ன்னு கேட்ட. 'ஒண்ணுமில்லம்மா'ன்னு சொன்னேன். அந்த ஆளைப் பத்தி கோர்ட்டுல நான் எழுதினதுகூடப் பெரிய பொய் இல்ல. உங்கிட்ட சொன்னேன் பாரு, அதுதான்."

சால்வை போட வந்தவர் சால்வையை விரித்தபடியே நின்றார்.

"இப்ப மறுபடியும் கேக்கறேன்" என்று ஒரு குரல் வந்தது. "இன்னைக்கு என்ன பண்ணப் போறீங்கப்பா?"

மேக்கப் அறை வாசலில் வங்கிக்காரி நின்றிருந்தாள். பாதி முகத்தில் பவுடர், கையில் ஈரத் துணி. இரண்டு மணி நேரமாகத் தொண்டையில் வைத்திருந்து மேடையில் சொல்ல முடியாமல் போன வரியை, இடம் பொருள் பார்க்காமல் சொல்லிவிட்டிருந்தாள்.

சேனல் பெண்தான் முதலில் மூச்சு விட்டாள். "சூப்பர் மேடம்! செம்மயா இருந்துச்சு! இது எந்த நாடகத்துல வருது?"

"இதுலதான்" என்றாள் வங்கிக்காரி. "இன்னைக்கு நீங்க பாத்தீங்களே, அதுலதான். கடைசிப் பக்கம்."

விழாத் தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிகரத்தைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "அப்ப மேடையில இதை ஏன் சொல்லல?"

சிகரம் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பாப்பா அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவர் அவள் கண்ணைத் தவிர்த்தார். நெற்றியில் போட்டிருந்த சுருக்கங்கள் வியர்வையில் கரைந்து ஒழுக ஆரம்பித்தன.

"மேடம், நீங்களே சொல்லுங்க" என்றாள் சேனல் பெண். இப்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை. தொழில் விழித்துக்கொண்டிருந்தது. கேமராவை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். "சார் ஏன் பேசல?"

அண்ணி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கு ஷோ இருக்கே, வந்து பாரும்மா" என்றாள். "அவர் பேசுவாரா மாட்டாரான்னு நான் இன்னும் முடிவு பண்ணல."